வெள்ளாட்டின் சுபாவமும் வளர்ப்போர் அறியவேண்டியவையும்

களமருதூர்ப் பக்கத்தில் வெள்ளாடு இல்லாத தெரு அரிது. ஆயினும், அதன் குணத்தை ஊன்றிக் கவனித்து வளர்ப்போர் சிலரே. 'எதையும் தின்னும், எங்கும் ஏறும்' என்று பழித்துவிட்டு நாம் சும்மா இருந்துவிடுகிறோம். உண்மையில், ஆட்டின் ஒவ்வொரு சேஷ்டைக்கும் தக்க காரணம் உண்டு. அதனை அறிந்தவருக்கு லாபமும் அறியாதவருக்கு நஷ்டமும் உண்டாவது திண்ணம்.

ஒரு வழக்கு

சில பருவங்களுக்கு முன் இவ்வூரில், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய கொல்லையின் ஓரத்தில் தழையைக் குவித்து வைத்திருந்தனர். அடைமழையால் இரண்டு நாள் பட்டியிலேயே பசித்துக் கிடந்த அயலார் ஆடுகள், அவ்வழியே ஓட்டிச் செல்லப்பட்டபோது அக்குவியலில் பாய்ந்தன. ஒரு மணி நேரத்திற்குள் நான்கு ஆடுகள் மூச்சுத் திணறித் தள்ளாடி மாண்டன. கொல்லைக்காரர் விஷம் வைத்தார் என்று ஆட்டுக்காரர் முறையிட்டார். ஆட்டைக் காவாதது அவர் குற்றமே என்று கொல்லைக்காரர் மறுத்தார். கிராம அலுவலர் முன்னிலையில் கால்நடை மருத்துவர் வந்து, மாண்ட ஆட்டின் இரைப்பையைத் திறந்து காட்டிய பின்னரே, கொன்றது மனிதர் கையன்று, மரவள்ளித் தழையே என்பது விளங்கிற்று.

மரவள்ளியின் இலையிலும் கிழங்குத் தோலிலும், வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரிலும், மென்றவுடன் ஸயனைடு என்னும் கொடிய விஷமாக மாறும் பொருள் இருக்கிறது. அரைகுறையாக வாடிய தழையும் ஆபத்தானதே. நன்றாக வெயிலில் உலர்த்தினால் விஷம் பெரிதும் குறையும். ஆடு விஷத் தழை தின்றதாகச் சந்தேகம் எழுந்தால் கைவைத்தியத்தில் காலம் கழிக்கலாகாது. மாற்று மருந்தை இரத்தக் குழாயில் ஏற்ற மருத்துவர் ஒருவராலேயே இயலும். நம் மாகாணத்தில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

மேய்ச்சல் குணம்

செம்மறி குனிந்து புல் மேய்வது. வெள்ளாடோ நிமிர்ந்து தழை பறிப்பது. அது ஒரே செடியில் வயிற்றை நிரப்பாமல் ஒன்றில் ஒரு வாய், மற்றொன்றில் ஒரு வாய் என்று மாறி மாறித் தின்னும். இதனைச் சஞ்சல புத்தி என்று எண்ணுவது பிழை. எந்தச் செடியின் நஞ்சும் அளவுக்கு மீறி உள்ளே செல்லாதபடி ஆட்டைக் காப்பது இக்குணமே. பசித்த ஆடு இதனை இழந்துவிடுகிறது. ஆதலால், மழைக்காலத்தில் கொட்டகையிலேயே சிறிது உலர்தீவனம் கொடுத்த பின்னரே வெளியே ஓட்டவேண்டும். மக்காச்சோளக் களத்தில் தானியத்தை வயிறு முட்டத் தின்னவிடுதலும் மரணத்தில் முடியும்.

எதையும் தின்னும் என்பதும் தவறு. ஆடாதொடை, ஆடுதின்னாப்பாளை ஆகிய பெயர்களே ஆடு ஒதுக்கும் செடிகளை நமக்கு அறிவிக்கின்றன. வேலியோரம் ஆடாதொடையை நெருக்கமாக நட்டால் பயிருக்கு ஓரளவு காப்பு உண்டு.

காலால் மிதித்த தழையையும், மூத்திரம் பட்ட தீவனத்தையும் வெள்ளாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடும். ஆகையால் அகத்தி, சூபாபுல் முதலிய தழைகளைத் தரையில் போடாமல், ஆட்டின் தலைமட்டத்திற்குக் கட்டித் தொங்கவிடுக. சேதம் குறையும், புழுத் தொல்லையும் குறையும். பனி உலருமுன் புல்லில் மேயவிடாதிருப்பதும் இதன்பொருட்டே. குடற்புழுவின் குஞ்சுகள் ஈரப் புல்லின்மேல் ஏறி நிற்கும்.

தாயும் குட்டியும்

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். ஈன்றவுடன் குட்டியை நக்கி, அதன் வாசனையால் தாய் அதனை அறிந்துகொள்கிறது. முதல் சில நிமிஷங்களில் குட்டியை அப்புறப்படுத்தினால், பின்னர்த் தாய் முட்டித் தள்ளுதலும் உண்டு. ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டப்படவேண்டும். செம்மறிக் குட்டி தாயின் பின்னே ஓடும். வெள்ளாட்டுக் குட்டியோ முதல் சில நாள் ஒரு மறைவில் சத்தமின்றிப் படுத்திருக்கும். குட்டி காணவில்லை என்று அயலார்மேல் ஐயுறுமுன், வைக்கோற்போரின் சந்தையும் புதர் அடியையும் பார்ப்பது நலம். கிடாக்குட்டிகளை மூன்று மாதத்திற்கு மேல் தாயோடும் தங்கைகளோடும் விடுதல் கூடாது.

முட்டுதலும் புது ஆடும்

மந்தையில் முன்னது எது, பின்னது எது என்பது முட்டிமுட்டி நிச்சயிக்கப்படுகிறது. சந்தையில் வாங்கிய புது ஆட்டை உடனே சேர்த்தால் அது தீவனத்தை நெருங்க இயலாமல் மெலியும். மேலும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அஃது ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் அந்நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது 1987-ம் வருஷம், நமக்கு அண்மையிலுள்ள அரசூரில் என்பதைப் பலர் அறியார். அங்கே செம்மறியிலிருந்து பிரித்தெடுத்த கிருமியைக் கொண்டே 'அரசூர் 87' என்னும் தடுப்பு மருந்து செய்யப்பட்டது. மாட்டுக்கு வந்த வெக்கை நோய் 2011-ல் உலகினின்றே ஒழிந்தது. இதனை 2030-க்குள் ஒழிக்க உலக நாடுகள் முனைந்துள்ளன. ஆதலால் புது ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டி வைத்து, தடுப்பூசி போட்டபின் மந்தையில் சேர்க்கவும். நான்கு மாதம் நிரம்பிய குட்டிக்கு ஊசி போட்டால் சுமார் மூன்று வருஷத்திற்குக் காப்பு உண்டு.

மேற்சொன்ன வழக்கு சமாதானமாகவே முடிந்தது. கொல்லைக்காரர் இப்பொழுது மரவள்ளித் தழையை வேலிக்குள்ளேயே பரப்பி உலர்த்துகிறார். ஆட்டுக்காரர் காலையில் ஒரு பிடி கடலைக்கொடியாவது காட்டாமல் மந்தையை அவிழ்ப்பதில்லை. கிராம அலுவலர்களும் நிலக்காரர்களும் கிழங்கு பிடுங்கும் காலத்திற்கு முன்னரே இச்செய்தியை ஊரார்க்கு எடுத்துச் சொல்வாராயின், ஆடுகளும் பிழைக்கும். அயலாரின் நேசமும் கெடாது.