வீட்டிலேயே வீடியோ டிஸ்க் தயாரிக்க: தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கம். 2004-ல் அங்கு நடந்த அத்தை கல்யாணத்தை வீடியோக்காரர் இரண்டு விசிடிகளில் கொடுத்திருந்தார். எங்கள் ஆயா நடப்பதும் பேசுவதும் வேறெதிலும் பதிவாகவில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா சொன்னார்: "ரெண்டாவது டிஸ்க் நின்னு நின்னு போகுதுப்பா. நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்கற, வேற ஒண்ணு போட்டுக் குடு."

பார்ப்பது சாப்ட்வேர் வேலைதான். இருந்தும் முதல் டிஸ்க்கை வீணாக்கினேன். வீடியோவை எம்பி4 பைலாக மாற்றி, காலி டிவிடியில் அப்படியே காப்பி செய்தேன். லேப்டாப்பில் ஓடியது, அம்மாவின் பழைய டிவிடி பிளேயரில் ஓடவில்லை. நான் தயாரித்தது டேட்டா டிஸ்க், அதாவது பைல்களை வைக்கும் பெட்டி. பிளேயர் தேடுவது வீடியோ டிஸ்க்கை. அதில் பைல்கள் குறிப்பிட்ட பெயரில், குறிப்பிட்ட போல்டரில் இருந்தாக வேண்டும்.

முதலில் விசிடி. இது சாதாரண சிடிதான். எம்பெக்-1 என்ற முறையில் சுருக்கிய படம் இதில் இருக்கும். நம் நாட்டு பால் முறையில் படத்தின் அளவு 352×288 புள்ளிகள். ஒரு டிஸ்க்கில் 74 முதல் 80 நிமிடம் வரைதான் அடங்கும். சினிமா விசிடியில் பாதிப் படத்தில் எழுந்து டிஸ்க் மாற்றியது இதனால்தான்.

விசிடியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 700 எம்பி சிடியில் ஏறக்குறைய 800 எம்பி வீடியோ பிடிக்கும். பிழை திருத்தத்துக்கென்று டேட்டா சிடியில் ஒதுக்கும் இடத்தின் பெரும்பகுதியை இங்கே படத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் சிறு கீறல் விழுந்தாலும் திரையில் கட்டம் கட்டமாக வருகிறது.

டிவிடி என்றால் எம்பெக்-2, 720×576 புள்ளிகள். 4.7 ஜிபி என்று அட்டையில் இருக்கும், விண்டோஸ் 4.38 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்கிடும் முறைதான் வேறு.

இனி வேலைக்குரிய சொற்கள். டிஸ்க்கிலிருந்து வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு எடுப்பது ரிப்பிங். விசிடியில் எம்பெக்ஏவி என்ற போல்டருக்குள் டேட் வகை பைலாக இருக்கும். படத்தையும் ஒலியையும் வேறு முறைக்கு மாற்றுவது என்கோடிங். பைல்களைப் பிளேயர் எதிர்பார்க்கும்படி அடுக்கி, மெனு சேர்ப்பது ஆத்தரிங். நான் விட்டது இந்தப் படியைத்தான். டிவிடிஸ்டைலர் என்ற இலவச சாப்ட்வேர் இதைச் செய்துவிடும். அதில் என்டிஎஸ்சி இருந்தால் பால் என்று மாற்றுங்கள்.

விசிடியின் படத்தை 720×576 ஆகப் பெரிதாக்கினால் தெளிவு கூடாது. டிவிடி முறை எம்பெக்-1 படத்தையும் 352×288 அளவிலேயே ஏற்கும். ஒலியை மட்டும் 44.1-லிருந்து 48 கிலோ ஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும். இரண்டு விசிடியும் ஒரே டிவிடியில் தாராளமாக அடங்கும்.

ஆத்தரிங் முடிந்ததும் ஐஎஸ்ஓ பைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். முழு டிஸ்க்கின் நகல் அது. பிறகு குறைந்த வேகத்தில் ரைட் செய்து, பைனலைஸ் செய்யுங்கள். பைனலைஸ் செய்யாத டிஸ்க்கைப் பல பிளேயர்கள் படிக்காது. இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் டிரைவே இல்லை. யுஎஸ்பி டிவிடி ரைட்டர் தனியாக வாங்க வேண்டும்.

கீறல் விழுந்த இரண்டாவது டிஸ்க் என் ரைட்டரில் பாதியிலேயே நின்றது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. அப்படியும் ஓடவில்லை. நண்பரின் பழைய டெஸ்க்டாப் டிரைவில் போட்டபோது முழுவதும் படித்தது. எல்லா டிரைவும் ஒரே மாதிரி படிப்பதில்லை. சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு இடத்தில் கட்டங்கள் நின்றுவிட்டன. ஆயா அத்தைக்குப் பூ வைத்துவிடும் இடம் தப்பியது. ஐஎஸ்ஓ பைலைப் பென் டிரைவில் போட்டு அத்தைக்கும் கொடுத்திருக்கிறேன்.