வீட்டுக் கணினிகளை இணைத்தல்

நம் அங்கத்தினர் சிலரின் இல்லங்களில் இரண்டு கணினிகள் உள. ஒன்றில் சேலைக்கரை டிசைன். மற்றொன்றில் பாவு, ஊடை, கூலிக் கணக்கு. பென்டிரைவைச் சுமந்து திரிவதால், புதிய கணக்கு எது, பழையது எது என்பதே விளங்காமற் போகிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. இணையத்திற்கென வைத்துள்ள ரவுட்டரே போதும். இரு கணினிகளையும் அதனுடன் வைஃபை மூலமாகவோ கம்பி மூலமாகவோ இணைக்க வேண்டும். தறிக்கூடம் தள்ளி இருப்பின் கம்பியே நன்று. ஈதர்நெட் கம்பியை 100 மீட்டர் வரை இழுக்கலாம். வைஃபைக்குக் கடினமான கடவுச்சொல் இன்றியமையாதது.

அடுத்து, விண்டோஸில் நெட்வொர்க்கைப் 'பிரைவேட்' எனக் குறித்து, கோப்புப் பகிர்வை இயக்குக. பொதுவான கோப்புறை ஒன்றை மட்டும் பகிர்க; முழு டிஸ்க்கையும் திறந்துவிடலாகாது. கணக்கெழுதுவோருக்கு மட்டும் திருத்தும் உரிமை தருக. ஏனையோருக்குப் படிக்கும் உரிமை போதும். மற்றக் கணினியில் இரண்டு பின்சாய்கோடுகளையும் முதற்கணினியின் பெயரையும் தட்டி, கேட்கும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் கோப்புறை தோன்றும்.

ஓர் எச்சரிக்கை. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல், விண்டோஸ் கோப்புப் பகிர்வின் பழைய முறையிலிருந்த ஓட்டை வழியே உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டியது. அதனை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. ஆகவே புதுப்பித்தலை ஒத்திப்போடலாகாது.

பகிர்வு வேறு, காப்பு வேறு. பகிர்ந்த கோப்பை ஒருவர் அழித்தால் அனைவருக்கும் அழிந்ததே. வாரந்தோறும் தனி ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்து, அதனைக் கழற்றிப் பெட்டியில் வைப்போமாக.