ஏற்காட்டில் ஒரு கணப்படுப்பு

ஏற்காட்டில் கணப்படுப்பு வேண்டியிருப்பது ஈரத்தை விரட்டத்தான், குளிர் இரண்டாம்பட்சம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி இரவும் பெரிதாக உறையவைப்பதில்லை. ஊட்டிக்காரர்கள் இதைக் குளிர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மழை தொடங்கிவிட்டால் சன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். புத்தக அட்டையில் பூஞ்சை படரும், துவைத்த துணி கொடியிலேயே நாறும், உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதற்காகத்தான் வீட்டில் இரும்பு அடுப்பு ஒன்றை வைத்தோம்: கண்ணாடிக் கதவு, அடியில் காற்றுத் திறப்பு, ஓட்டைத் தாண்டி மேலே போகும் புகைக்குழாய். பழைய எஸ்டேட் பங்களாக்களில் சுவருக்குள் இருக்கும் திறந்த கணப்பு பார்க்க அழகு. ஆனால் சூட்டில் பெரும்பகுதி புகையோடு வானத்துக்குப் போய்விடும், போகும்போது அறையின் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மூடிய அடுப்பில் எவ்வளவு காற்று போகலாம் என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

புதிய அடுப்பை முதல் நாளே கொழுந்துவிட்டு எரிக்கக் கூடாது. கைப்பிடியளவு சுள்ளியில் சின்னத் தீ, பிறகு முழுக்க ஆறவிடுதல், அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பெரிய தீ. வார்ப்பிரும்பு திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். மேல்பூச்சும் அந்தச் சிறு தீக்களில்தான் இறுகும். அப்போது கிளம்பும் நாற்றத்துக்குச் சன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும்.

அடுப்பைப் பழக அதிக நாள் ஆகாது. விறகைப் பழகத்தான் ஒரு வருடம் முழுக்க வேண்டும். இங்கே விறகு என்றால் பெரும்பாலும் காப்பித் தோட்டத்தில் மிஞ்சியதுதான். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பிற்பாடு அதற்கு நிழல் தரவும் மிளகுக்கொடி ஏறவும் ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வந்தது. அறுவடை முடிந்ததும் காப்பிச் செடியைக் கவாத்து செய்வார்கள். அந்தக் கிளைகள் கோடையின் தொடக்கத்தில் கைக்கு வரும். விரலளவு, மணிக்கட்டளவுதான் என்பதால் மழைக்குள் காய்ந்துவிடும். காப்பிக் கட்டை கனமானது, நின்று எரியும், தணல் நன்றாகப் பிடிக்கும். நிழல் மரங்களின் கிளை கழிப்பதோ மழைக்குச் சற்று முன்னால். அந்தச் சில்வர் ஓக் வந்து இறங்கும்போதே வானம் மூடிக்கொள்ளும். அதை அடுத்த வருட விறகு என்று ஒதுக்கிவிட வேண்டும். விறகு வியாபாரி "காஞ்சதுதான் சார்" என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும் சரி.

பச்சை மரத்தின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீர் இருக்கும். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அடுப்புக்கு ஆகும். இல்லாவிட்டால் தீயின் உழைப்பெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்கா ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "இது அழுவுது சார், வெளிய போடுங்க." கட்டையின் நுனியில் நுரை கொப்பளித்துச் சீறிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார்: 'டங்' என்றால் உள்ளே, 'தொப்' என்றால் வெளியே. எனக்கு அந்தக் காது இல்லை. ஒரு கட்டையைத் தராசில் வைத்து, எடையையும் தேதியையும் அதன்மேலேயே சாக்பீஸால் எழுதிவிடுகிறேன். மாதாமாதம் நிறுத்தால் எடை குறைந்துகொண்டே வரும். குறைவது நின்றதும் அந்த அடுக்கு தயார்.

அடுக்குவதிலும் விஷயம் இருக்கிறது. தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போதும். நாலு பக்கமும் போர்த்தினால் உள்ளேயே புழுங்கிக் காளான் பூக்கும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம். கரையானுக்கு அது நேர்வழி. கட்டையை எடுக்கும்போது கை வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள், தேளும் பூரானும் அங்கேதான் குடித்தனம். இன்னொன்று: மலைப் பகுதி மரங்களைக் காக்க நம் மாநிலத்தில் 1955-லிருந்தே தனிச் சட்டம் உண்டு. சொந்தத் தோட்டத்து மரமானாலும் வெட்டுமுன் வனத்துறையிடம் கேட்டுவிடுவது நல்லது.

பற்றவைக்க நான் கண்ட நல்ல வழி, பெரிய கட்டைகளை அடியில் இடைவெளி விட்டு வைத்து, அதன்மேல் சிராய், உச்சியில் சுள்ளி, மேலிருந்து நெருப்பு. நம் சமையல் அடுப்புப் பழக்கத்துக்கு இது தலைகீழ். ஆனால் புகை பாதிதான் வரும். காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூட்டில் வாயுவாகப் பிரிகிறது. அந்த வாயு எரிய 600 டிகிரி வரை சூடு வேண்டும். மேலே தீ இருந்தால் கீழிருந்து கிளம்பும் வாயு அதன் வழியாகப் போகும்போதே எரிந்துவிடும். மூடுபனிக் காலையில் குழாய்க்குள் குளிர்ந்த காற்று அடைத்துக்கொண்டு புகையை அறைக்குள்ளேயே தள்ளும். அப்போது ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் குழாயின் வாய்க்கருகே எரித்துவிட்டுப் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.

இரவு முழுக்கத் தணல் இருக்கட்டும் என்று கட்டையை நிறைத்துக் காற்றை அடைப்பது இங்கே பலர் செய்வது. அதைச் செய்யவே கூடாது. எரியாத வாயு குழாயின் குளிர்ந்த மேல்பகுதியில் படிந்து கறுப்புத் தாராகிறது. அது சேர்ந்து ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். சிறிதாக, கொழுந்தாக எரியவிட்டு அணையவிடுவதே மேல். ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வாங்கி மாட்டிவிடுங்கள், அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. குழாய் இல்லாத கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகும் பேச்சே வேண்டாம்.

குழாயைச் சுத்தம் செய்வதுதான் எல்லாருக்கும் கசக்கும் வேலை. இந்தியாவில் புகையில்லா அடுப்புகளின் கதையே அதற்குச் சாட்சி. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு 1950-களிலேயே புகைபோக்கி அடுப்பை வடிவமைத்தார். 1980-களில் மத்திய அரசு இத்தகைய அடுப்புகளுக்குத் தேசியத் திட்டமே நடத்தியது. பின்னாளில் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் உடன் ஆய்வாளர்களும் ஒடிசாக் கிராமங்களில் அப்படிப்பட்ட அடுப்புகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருடம் புகை குறைந்தது. அப்புறம் பலன் மங்கிப்போனது. மக்கள் அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவும் இல்லை. வீட்டுக்கு வீடு அடுப்பு கொடுத்தவர்கள் குழாய் துடைக்கும் பிரஷ்ஷையும் கூடவே கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

மூங்கில் கழியின் நுனியில் கம்பி பிரஷ் கட்டினால் நம் வேலைக்குப் போதும். மழைக்கு முன்னால் ஒருமுறை, பனிக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை. மேலே மழைத்தொப்பிக்கு அடியில் இருக்கும் வலையையும் பார்க்க மறக்காதீர்கள். புகை அறைக்குள் திரும்பினால் பெரும்பாலும் அங்கேதான் அடைத்திருக்கும். காற்றுப் புகாமல் கதவை அடைக்கும் ஓரத்துக் கயிறு தேய்ந்துவிட்டதா என்று அறிய, அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு மாற்றும் நேரம். கறுத்த கண்ணாடிக்கு ஈரக் காகிதத்தில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் போதும், கடைத் திரவம் எதற்கு?

சாம்பலை முழுக்க வாரிவிடாமல் ஒரு விரல் கனத்துக்கு அடியில் விட்டுவைத்தால் அடுத்த தீ சுலபமாகப் பிடிக்கும். அள்ளியதை மூடி போட்ட இரும்பு வாளியில், மரத்தரையில் அல்லாமல் சிமெண்ட் மேல் வையுங்கள். உள்ளே கங்கு மறுநாள்கூட உயிரோடிருக்கும். நன்றாக ஆறியபின் காப்பிச் செடிக்குப் போடலாம்: பொட்டாஷ் உண்டு, மண்ணின் புளிப்பையும் குறைக்கும். தூரிலிருந்து ஓரடி தள்ளி, மெல்லிசாகத் தூவினால் சரி. வர்ணம் அடித்த பலகையோ பிளாஸ்டிக்கோ எரித்த சாம்பலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அவற்றை அடுப்பில் போடவே கூடாது.