கதிரொளியும் எதிர்மின் அயனியும்

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரையை நோக்கிச் செல்வோர் பாத்தி பாத்தியாய் விரிந்த உப்பளங்களைக் காண்பர். கடல்நீரை அங்கே உப்பாக்கும் ஒளி கதிரவனின் மேற்பரப்பிலிருந்து வருகிறது என்பர். வாயுக்கோளமாகிய கதிரவனுக்கு மேற்பரப்பு எவ்வாறு அமைந்தது? இவ்வினாவுக்கு 1939-ஆம் ஆண்டில் ரூபர்ட் வில்ட் என்னும் வானியலறிஞர் விடை பகர்ந்தார். ஹைட்ரஜனின் எதிர்மின் அயனியே காரணம் என்பது அவ்விடை.

ஹைட்ரஜன் அணுவில் ஓர் எலக்ட்ரான் உண்டு. அதனை நீக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அவ்வணு மேலும் ஓர் எலக்ட்ரானை ஏற்றால் எதிர்மின் அயனியாகும். பின்வந்த எலக்ட்ரானைப் பிரிக்க 0.754 எலக்ட்ரான் வோல்ட்டே போதும். கண்ணுக்குப் புலனாகும் ஒளித்துகள் ஒவ்வொன்றும் இதனினும் மிகுந்த ஆற்றலுடையது. ஆதலால் அயனி ஒளியை விழுங்கி எலக்ட்ரானை விடுவிக்கிறது. கோடிக்கணக்கான ஹைட்ரஜன் அணுக்களிடையே ஒன்றாக இருப்பினும், உள்ளிருந்து வரும் ஒளியை மறிப்பது இவ்வயனியே. அம்மறிப்பு ஓயும் இடமே நாம் காணும் மேற்பரப்பு.

எவ்வளவு ஒளி விழுங்கப்படும் என்பதைக் குவாண்டம் முறையில் தெளிவாகக் கணித்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அயனியின் ஆற்றலைச் சரியாகத் தந்த அலைச்சார்புகள்கூட ஒளி விழுங்கலைக் கணிக்கையில் வழுவின. உண்மையில் ஒத்த விடை தரவேண்டிய இரு வாய்பாடுகள் வேறுபட்ட விடைகளைத் தந்தன. ஏன்? ஆற்றலைக் கணிக்கும்போது அணுக்கருவுக்கு அண்மைப் பகுதி முதன்மை பெறும். ஒளி விழுங்கலிலோ எலக்ட்ரான் தொலைவில் உலவும் பகுதி முதன்மை பெறும். இதனைக் கண்ட சந்திரசேகர், 1945-இல் எலக்ட்ரானின் திசைவேகத்தை அடிப்படையாகக் கொண்ட வாய்பாடே ஏற்றது எனக் காட்டினார். 1946-இல் பிரீன் என்பாருடன் கணக்கை நிறைவு செய்தார். கதிரொளியை ஆய்ந்து வானியலார் பெற்றிருந்த முடிவோடு அது இசைந்தது.

அயனியை மின்புலத்தில் வைத்தால் மற்றொரு வியப்பு நிகழும். விடுபட்ட எலக்ட்ரான் அலையின் ஒரு பகுதி மின்விசை இழுக்கும் திசையில் விலகிச் செல்லும். எதிர்த்திசையில் செல்லும் பகுதியோ வேகம் தளர்ந்து, திரும்பி, புறப்பட்ட இடத்தையே வந்தடையும். தூத்துக்குடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரில் மோதி மீளும் அலை, வரும் அலையோடு கூடி ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் அடங்கியும் தோன்றுவதை ஒப்பிடலாம். அவ்வாறே ஒளி விழுங்கலும் ஒளியின் ஆற்றலுக்கேற்ப ஏறி இறங்கும். 1987-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் பிரையண்ட் குழுவினர் இதனைக் கண்டனர். 1988-இல் ராவ், வாங் ஆகியோர் குவாண்டம் முறையில் விளக்கினர். அதே ஆண்டில் டூ, டெலோஸ் ஆகியோர் அரைச்செவ்வியல் முறையில் விளக்கினர். எலக்ட்ரான் செல்லும் பாதையைக் கோடாக வரைந்து, அப்பாதையில் அலையின் ஏற்றத் தாழ்வைக் கணக்கிடுவதே இம்முறை. பதினோராம் நூற்றாண்டில் ஒளியின் நேர்க்கோட்டுப் பாதையை வடிவியலால் ஆய்ந்த இப்னு அல்ஹைதமின் நெறி இங்கு நினைவுக்கு வருகிறது.

குவாண்டம் முறை எண்களைத் துல்லியமாகத் தருகிறது. அரைச்செவ்வியல் முறை அவ்வெண்கள் ஏன் ஏறி இறங்குகின்றன என்பதைக் கண்முன் காட்டுகிறது. ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகிறது. ஓரிடத்தில் சரியான விடை தந்த அலைச்சார்பே வேறோரிடத்தில் வழுவியதை மாணவர்கள் மறவாதிருத்தல் வேண்டும். ஒரு விடை பொருந்திவிட்டது என்பதால் கணக்கு முழுவதும் சரியென்று கொள்ளாமல், இன்னொரு வழியிலும் சென்று சரிபார்ப்பதே ஆய்வறம்.