ரிலேக்குச் சொல்லும் கணக்கு

துணை மின் நிலையத்திலிருந்து ஊருக்கு 11,000 வோல்ட் லைன் வருகிறது. அங்கே ரிலே என்ற காவல் கருவி உண்டு. லைனில் கரண்ட் அளவுக்கு மீறினால் அது பிரேக்கருக்கு உத்தரவு போடும். பிரேக்கர் லைனைத் துண்டிக்கும்.

லைனில் ஓடும் கரண்ட் பெரியது. அதை நேராகக் கொடுத்தால் ரிலே எரிந்துவிடும். அதனால் நடுவில் சி.டி. என்ற கருவியை வைக்கிறார்கள். 400-க்கு 1 என்பது ஒரு வகை சி.டி. லைனில் 400 ஆம்பியர் ஓடினால், ரிலேக்கு 1 ஆம்பியர்தான் போகும்.

இந்தக் கணக்கை ரிலேக்குள் பதிய வேண்டும். தானாக அதற்குத் தெரியாது. தவறிப்போய் 200-க்கு 1 என்று பதிந்தால் என்ன ஆகும்? 400 ஆம்பியரை ரிலே 200 என்று படிக்கும். 400-ல் நிறுத்த வேண்டிய ரிலே, 800 ஆகும் வரை சும்மா இருக்கும். அதற்குள் டிரான்ஸ்பார்மர் எரியலாம். கம்பி சூடேறி அறுந்து விழலாம்.

எனவே பதிந்தவுடன் சோதிக்கிறார்கள். சோதனைப் பெட்டியிலிருந்து தெரிந்த அளவு கரண்டைச் செலுத்துவார்கள். ரிலே காட்டும் எண் சரிதானா என்று பார்ப்பார்கள். லைன் ஓடும்போது சி.டி. வயரை மட்டும் கழற்றவே கூடாது. கழற்றினால் அந்த முனையில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் ஏறும்.

கணக்கு சரியாக இருந்தாலும் ஒரு ஆபத்து உண்டு. அறுந்த கம்பி காய்ந்த மண்ணில் விழுந்தால் கொஞ்சம் கரண்ட்தான் ஓடும். ரிலே அதைக் கவனிக்காமல் விடலாம். கம்பி செத்துக் கிடப்பது போலத் தோன்றும். கிட்டே போகாதீர்கள். ஆடு மாடுகளையும் விடாதீர்கள். மின்சார ஆபீசுக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.