ரோயிங் மெசின் முரண்டு பிடிக்கிறதா?

நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர்; குளிரும் ஈரமும் அதிகம். ஹட்டனிலோ தென்மேல் பருவமழை இறங்கினால் துவைத்த துணியே காயாது. இந்த ஈரத்தில் வீட்டு ரோயிங் மெசின் மட்டும் தப்புமா? மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் இவற்றைப் பாருங்கள்.

1. இருக்கை தட்டித் தட்டி ஓடினால், தண்டவாளத்தையும் இருக்கையின் அடிச் சக்கரங்களையும் ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றுங்கள். வியர்வையும் தூசும் கறுப்புப் பசையாக ஒட்டியிருக்கும்.

2. சங்கிலி கரகரத்தால், ஒருவர் கைப்பிடியை இழுத்துப் பிடிக்க, மற்றவர் தையல் மெசின் எண்ணெய் தோய்த்த துணியால் சங்கிலியை நீவிவிடுங்கள். மிஞ்சிய எண்ணெயைத் துடையுங்கள். விட்டால் தூசு பிடிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறையும். நம் குசினிப் போத்தலில் காலையில் கட்டியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்களே! நாடா வைத்த மெசினுக்கு எந்த எண்ணெயும் கூடாது, வழுக்கும்.

3. கைப்பிடி சோம்பலாகத் திரும்பினால், உள்ளே இழுவைக் கயிறு தளர்ந்திருக்கலாம். கையேட்டில் உள்ளபடி இறுக்குங்கள். சுருள்வில் வகை என்றால் மூடியைத் திறக்காதீர்கள். வில் தெறித்தால் கை கிழியும்.

4. திரை எரியாவிட்டால், பற்றரி முனைகளைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் மின்சாரம் பாயாது, சுரண்டுங்கள்.

5. கிறீச்சிட்டால், மிதிபலகை ஆணிகளை இறுக்குங்கள்.

தயவுசெய்து, மழைநாளில் அதன்மேல் ஈரத்துணி காயப்போடாதீர்கள்.