வீடுகளே காட்சிப் பொருள்கள்!

கோடை இரவுகளில் பிள்ளைச்சாவடியில் மாடி வீட்டுக்காரர்கள் பாயும் தலையணையுமாக மொட்டை மாடிக்கு ஏறுவதைக் காணலாம். வெயில் அடங்கி நான்கு மணி நேரம் ஆன பின்னும் வீட்டினுள் புழுக்கம் தணிவதில்லை. பகலெல்லாம் சூரியன் காய்ச்சிய கான்கிரீட் தளம், இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் வீசிக்கொண்டிருக்கிறது. தாத்தா காலத்துக் கீற்று வீட்டில் இத்தொல்லை இல்லையே, ஏன்? இக்கேள்விக்கு விடை தேடி ஒரு கண்காட்சிக்குச் சென்று வருவோமா?

எங்கள் ஊர் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிப் பயணம் செய்தால், சென்னையை நெருங்கும்போது முட்டுக்காடு வரும். அங்கேதான் 'தட்சிணசித்ரா' இருக்கிறது. மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் என்னும் அமைப்பு நிறுவிய இவ்வளாகம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. சிக்கனமான, தட்பவெப்பத்திற்கேற்ற கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற லாரி பேக்கர் இதன் அமைப்பை வகுப்பதில் பங்கு கொண்டவர்.

கட்டடக்கலைக் கண்காட்சி என்றால் வரைபடங்களும் அட்டை மாதிரிகளும்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். இங்கோ வீடுகளே காட்சிப் பொருள்கள்! தென்னாட்டின் பல பகுதிகளில் இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கி, தூண், உத்தரம், கதவு, ஓடு எனப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து, கைவினைஞர்களைக் கொண்டு மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். பௌதிக மாணவனுக்கு இது ஓர் ஆய்வுக்கூடம். ஒவ்வொரு வீடும் வெயில், மழை, காற்று என்னும் மூன்று கணக்குகளுக்கு அவ்வூர் மக்கள் கண்ட விடையாகும்.

மழைக்கேற்ற கூரை

முதலில் கேரள வீடுகளைப் பாருங்கள். கூரை மிகவும் சரிவானது. சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டு தாழ்ந்திருக்கிறது. கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சரிவு கூடினால் நீர் ஓடுகளின் இடுக்குகளில் தங்காமல் விரைந்து வழியும். நீண்ட தாழ்வாரம் சுவரைச் சாரலிலிருந்து காக்கும். பகலில் சுவரின் மேல் நிழலும் விழும்.

அடுத்து, வடகர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீட்டைப் பாருங்கள். சுவர்கள் கல்லால் ஆனவை. அந்த வட்டாரத்தில் மழை குறைவு, கல் மிகுதி. அத்தகைய இடங்களில் தட்டையான கூரையே வழக்கம்.

காற்றுக்கேற்ற சுவர்

கடலோர ஆந்திரத்தின் வட்டமான மண் வீடு நம்மைப் போன்ற கடற்கரைவாசிகள் நின்று கவனிக்க வேண்டியதாகும். அதன் கூம்புக் கூரை ஏறத்தாழத் தரைவரை தாழ்ந்திருக்கிறது. ஏன் இந்த வடிவம்?

2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயலின்போது, காற்றின் வேகம் மணிக்கு 140 கி.மீ. வரை இருந்தது. அதாவது வினாடிக்குச் சுமார் 39 மீட்டர். காற்று தரும் அழுத்தம், அதன் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைக்கும். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். எனவே,

அழுத்தம் = 0.6 × 39 × 39 = சுமார் 910 நியூட்டன் / சதுர மீட்டர்

4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள தட்டைச் சுவரை இக்காற்று நேராகத் தாக்கினால், விசை ஏறத்தாழ 10,900 நியூட்டன். ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை சுவரைப் பக்கவாட்டில் தள்ளுவதற்கு இது சமம்! வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

வட்டச் சுவரில் முழு அழுத்தம் காற்றை நேர்கொள்ளும் நடுப்பகுதியில் மட்டுமே விழுகிறது. இருபுறமும் காற்று வளைந்து ஓடிவிடுவதால் மொத்தத் தள்ளுவிசை குறைகிறது. இன்னொரு லாபமும் உண்டு. 16 மீட்டர் சுற்றளவில் சதுர வீடு கட்டினால் பரப்பு 16 சதுர மீட்டர். வட்ட வீடு கட்டினால் 20 சதுர மீட்டருக்கும் மேல். அதே மண்ணில் கூடுதல் இடம்!

வெயிலுக்கேற்ற முற்றம்

இனி நமது புழுக்கத்திற்கு வருவோம். செட்டிநாட்டு வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. சூடான காற்று இலேசானது. அது முற்றத்தின் வழியே மேலேற, வாசல் வழியாகப் புதிய காற்று உள்ளே வருகிறது. இதுவே வெப்பச்சலனம். இரவில் முற்றத்துத் தரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானுக்கு அனுப்பிக் குளிர்கிறது. தடித்த சுவர்களோ பகல் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடுகின்றன.

கீற்றின் இரகசியம் வேறு. அதன் இடைவெளிகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெப்பங்கடத்தும் திறன் கான்கிரீட்டுக்குச் சுமார் 1.5, கீற்றுக்குச் சுமார் 0.07 (மீட்டர்-கெல்வினுக்கு வாட் அளவில்). 10 செ.மீ. தளத்தையும் 20 செ.மீ. கீற்றுக் கூரையையும் ஒப்பிடுங்கள். இருபுற வெப்பநிலை வேறுபாடு ஒன்றாக இருந்தால், தளத்தின் வழியே ஏறத்தாழ 40 மடங்கு வெப்பம் இறங்கும்!

குற்றவாளி கான்கிரீட்டா?

அப்படியானால் எல்லோரும் கீற்று வீட்டிற்குத் திரும்ப வேண்டுமா? அவ்வாறு சொல்வது அறிவியல் ஆகாது. கீற்று தீப்பற்றும், புயலில் பறக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். அதற்கு அஞ்சித்தான் நம் மக்கள் தளம் போட்டார்கள்.

விடை புதுச்சேரி நகரிலேயே இருக்கிறது. 1937இல் கட்டத் தொடங்கப்பட்ட அரவிந்தர் ஆசிரமத் தங்குமிடமான 'கோல்கொண்டா', கான்கிரீட் கட்டடமே. வடிவமைத்தவர் ஆண்டனின் ரேமண்ட். பணியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. வெயில் குறைவாகப் படும் வடக்கு, தெற்குத் திசைகளை நோக்கியே நீண்ட பக்கங்கள் அமைந்துள்ளன. அவற்றில் திறந்து மூடும் கிடைப் பலகைகள் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இரண்டாவது கூரையாக நிற்கின்றன. இடையே காற்று ஓடுகிறது. கீற்றும் முற்றமும் செய்த வேலையை அங்கே கான்கிரீட்டே செய்கிறது. பழைய பொருளை விட்டாலும் பழைய அறிவை விடவேண்டியதில்லை என்பதே இதன் பாடம்.

செய்து பாருங்கள்

ஒரே அளவான இரண்டு தகர டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் பக்கத்திலும் துளையிட்டு, தகரத்தைத் தொடாதபடி வெப்பமானியைச் செருகுங்கள். ஒன்றின் மூடியை அப்படியே விடுங்கள். மற்றதன் மூடிமேல் நான்கு மூலைகளிலும் காலித் தீப்பெட்டிகளை வைத்து, அவற்றின் மேல் அட்டையைப் பரப்புங்கள். காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை வெயிலில் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். இரண்டு கோடுகளுக்கும் உள்ள இடைவெளியே இரட்டைக் கூரையின் பயன்.

தட்சிணசித்ரா செல்லும்போது குறிப்பேடும் வெப்பமானியும் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் சுவரின் தடிப்பைச் சாணால் அளந்து, வெளியிலும் உள்ளேயும் வெப்பநிலையைக் குறியுங்கள். இன்று பள்ளி மாணவர்களான நீங்கள் நாளை உங்களுக்கென வீடு கட்டுவீர்கள். கொத்தனார் தளத்துக்குக் கம்பி கட்டும் முன், இந்தக் குறிப்பேட்டை எடுத்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.